21ஜி பஸ்ஸில் சென்னை: கிண்டிக் காட்டிலிருந்து ஜார்ஜ் கோட்டை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் பலரும் வாடகைக் கார் பிடிக்கிறார்கள். காரில் போனால் மெரினா ஓர் இடம், மயிலாப்பூர் ஓர் இடம், கோட்டை ஓர் இடம் என்று துண்டு துண்டாகத்தான் ஊர் மனதில் பதியும். இவை ஒன்றோடொன்று எப்படி ஒட்டியிருக்கின்றன, காடு எங்கே முடிந்து ஆறு எங்கே குறுக்கிடுகிறது, கோயில் தெரு எப்படிக் கடற்கரையில் போய் முட்டுகிறது என்பதெல்லாம் தெரியாமலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தத் தொடர்ச்சியைக் காட்டக்கூடிய ஒரு பஸ் தடம் இருக்கிறது. தாம்பரம் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கிண்டி, கோட்டூர்புரம், மயிலாப்பூர், மெரினா வழியாகப் பாரிமுனைப் பக்கம் போகும் 21ஜிதான் அது.

இந்தத் தடத்தின் அருமை அதன் வரிசையில் இருக்கிறது. தெற்கே இருந்து வடக்கே போகும்போது, ஊர் உருவான வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகலாம். சுதந்திர இந்தியா கட்டிய நினைவு மண்டபங்கள் முதலில் வரும். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடற்கரைக் கட்டடங்கள். கடைசியில் 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பத் தொடங்கிய கோட்டை. நடுவே மயிலாப்பூர், இவை எல்லாவற்றையும்விடப் பழையதாக, தன் போக்கில் இருக்கிறது.

ஒரு முழுப் பகல் ஒதுக்கினால் போதும். பொறுமையும் நல்ல செருப்பும் கட்டாயம் வேண்டும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழியில் உள்ள இடங்களுக்கு வெவ்வேறு நாள்களில் விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். ஆக, புதன், வியாழன், சனி, ஞாயிறு ஆகிய நான்கும்தான் மிச்சம். என்னைக் கேட்டால் ஞாயிறுதான் நல்லது. சாலையில் நெரிசல் குறைவு, அலுவலகக் கூட்டம் இருக்காது, ஜன்னலோர இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஞாயிறு மாலையில் மெரினாவில் நகரமே கூடிவிடும். அந்தக் கூட்டத்தையும் பார்க்க வேண்டியதுதான் என்பவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. உயர் நீதிமன்றமும் அன்று இயங்காது என்றாலும், அதை எப்படியும் வெளியிலிருந்துதான் பார்க்கப் போகிறோம்.

சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் கோட்டையில் பாதுகாப்புக் கெடுபிடி கூடும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி இருந்தால் வாலாஜா சாலைப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். இரண்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலம் மிக நன்றாக இருக்கும்.

டிக்கெட், சில்லறை, உட்காரும் பக்கம்

மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் சாதாரணம், விரைவு, டீலக்ஸ், ஏசி என்று வகைகள் உண்டு. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். இந்த வகைப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதம் தொடங்கிய திட்டம் இது. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பஸ்ஸைப் பார்த்தால் அது கட்டணமில்லாப் பஸ் என்று புரிந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை என்றாலும் கண்டக்டர் ஒரு சீட்டுக் கிழித்துத் தருவார். இறங்கும்வரை அதைத் தொலைத்துவிடாதீர்கள். பரிசோதகர் ஏறினால் காட்ட வேண்டும்.

ஒரு டிக்கெட் ஒரு பயணத்துக்குத்தான். நடுவில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினால் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும். நாள் முழுதும் ஐந்தாறு முறை ஏறி இறங்கினாலும் வாடகைக் காருக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. 'சென்னை ஒன்' செயலியில் டிக்கெட் எடுக்கலாம். சிங்காரச் சென்னை அட்டை இருந்தால் அதையும் நீட்டலாம். இருந்தாலும் பத்து ரூபாய்த் தாள்களும் ஐந்து ரூபாய் நாணயங்களும் பையில் இருக்கட்டும்.

சென்னைக்குப் புதியவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். இங்கே கண்டக்டர் பெரும்பாலும் தன் இருக்கையை விட்டு எழுந்து வரமாட்டார். பணத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து, "கோட்டூர்புரம் ஒன்று" என்று சொன்னால் போதும். அது கை மாறிக் கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை. உங்கள் கைக்கு அடுத்தவர் பணம் வந்தால் நீங்களும் தட்டாமல் கடத்திவிடுங்கள். இந்த ஊரின் குணத்தை அறிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

அடுத்து, எந்தப் பக்கம் உட்காருவது? இந்தப் பஸ்களில் இடது வரிசை பெண்களுக்கு, வலது வரிசை ஆண்களுக்கு என்பது நெடுநாள் வழக்கம். வடக்கு நோக்கிப் போகும்போது மெரினாவில் இடப்பக்கம் பழைய கட்டடங்களும் வலப்பக்கம் கடற்கரையும் வரும். திரும்பும்போது இது மாறிவிடும். ஆகவே பெண்கள் போகும்போது கட்டடங்களையும் வரும்போது கடலையும் பார்க்கலாம், ஆண்களுக்கு நேர்மாறு. இரு திசையிலும் பயணம் செய்தால்தான் தடம் முழுமையாகும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டமில்லாத நேரத்தில் கடைசி நீள இருக்கையில் இடம் கிடைத்தால் இரண்டு பக்கமும் உங்களுடையது.

காலை 7.30: கிண்டியில் ஏறுங்கள்

கிண்டிக்கு மின்சார ரயிலும் மெட்ரோவும் வருகின்றன. விமான நிலையத்திலிருந்து நேராக மெட்ரோவில் வந்துவிடலாம். உட்கார இடம் உறுதியாக வேண்டும் என்பவர்கள் தாம்பரத்திலேயே ஏறுவது நல்லது. ஏறும்போதே கண்டக்டரிடம் "மயிலாப்பூர், பீச் ரோடு வழியாகப் போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மந்தைவெளி, லஸ் பகுதிகளில் பஸ்கள் வழி மாற்றிவிடப்படுவதுண்டு. நிறுத்தம் எங்கே மாறியிருக்கிறது என்பதைக் கண்டக்டரைவிடச் சரியாகச் சொல்ல ஆள் இல்லை.

பஸ் சர்தார் படேல் சாலையில் திரும்பியதும் வலப்பக்கம் பாருங்கள். ஆளுநர் மாளிகையின் மதிலும், அதைத் தொடர்ந்து கிண்டித் தேசியப் பூங்காவின் மரங்களும் வரும். பரபரப்பான நகரத்துக்கு நடுவே ஏறத்தாழ 270 ஹெக்டேர் காடு. வெளிமானும் புள்ளிமானும் அதற்குள் மேய்கின்றன. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. குழந்தைகளோடு வருபவர்கள் சிறுவர் பூங்காவுக்கும் பக்கத்தில் உள்ள பாம்புப் பண்ணைக்கும் ஒரு காலைப்பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தோடு அதையும் சேர்த்தால் மயிலாப்பூர்க் கோயில் நடை சாத்திவிடும்.

இடப்பக்கம் கிண்டிப் பொறியியல் கல்லூரி, இன்றைய அண்ணா பல்கலைக்கழகம். 1794இல் ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது இது. அதாவது நம் பயணம் முடியும் இடத்தில் பிறந்து, நம் பயணம் தொடங்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம்.

முதல் இறக்கம் காந்தி மண்டபம். 1956இல் திறக்கப்பட்டது. கல் தூண்களோடு கோயில் மண்டபத்தின் சாயலில் இருக்கும். அதே வளாகத்தில் ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் நினைவிடங்களும் தியாகிகள் மணிமண்டபமும் உள்ளன. காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் தவிரக் கூட்டம் இருக்காது. அரை மணி நேரம் போதும். கழிப்பறை வசதி தேவைப்பட்டால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அங்கிருந்து பஸ் காந்தி மண்டபம் சாலையில் வடக்கே திரும்பும். பிர்லா கோளரங்கமும் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இந்தச் சாலையில்தான். ஒன்பது தளங்கள் கொண்ட அந்த நூலகத்தில் நுழைந்தால் வெளியே வர மனம் வராது. இன்று பார்வையோடு நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள். கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்றைக் கடக்கும்போது மட்டும் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரைகளைத் தாண்டி இந்தப் பகுதிகளை மூழ்கடித்த ஆறு இதுதான். மற்ற நாள்களில் அதன் சாதுவான தோற்றத்தைப் பார்த்தால் நம்ப முடியாது.

மயிலாப்பூர்: இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

மந்தைவெளியைத் தாண்டியதும் கோயில் குளத்துக்கு அருகே உள்ள நிறுத்தத்தில் இறங்குங்கள். ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். கபாலீசுவரர் கோயில் மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும்.

கிழக்குக் கோபுரம் ஏழு நிலைகள் கொண்டது, 1906இல் கட்டியது. கோயில் அதைவிடப் பழையது, ஊர் அதைவிடவும் பழையது. கடலோரத்தில் இருந்த முந்தைய கோயில் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்த பிறகு இப்போதைய இடத்தில் எழுந்தது இது. உள்ளே பிராகாரத்தில் புன்னை மரத்தடிச் சந்நிதியைத் தேடிப் பாருங்கள். அம்பிகை மயில் உருவில் சிவனைப் பூசித்த தலபுராணக் காட்சி அங்கே இருக்கிறது. இலைகள் தடித்துப் பளபளக்கும் அந்த மரம் கடற்கரை மணலுக்குரியது. ஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடும்போது புன்னையங்கானல் என்று சொன்னதற்கு மரமே சாட்சி சொல்கிறது.

வெளியே வந்து நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பித்தளைப் பாத்திரக் கடை, பூக்கட்டும் பெண்கள், பூசைச் சாமான்கள், பரதநாட்டிய நகைகள் விற்கும் கடைகள். நவராத்திரிக்கு முன்பு வந்தால் வடக்கு மாட வீதி முழுவதும் கொலுப் பொம்மைகள் விரித்திருப்பார்கள். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் நாளன்று வந்தால் பஸ் இந்தப் பக்கமே வராது. அன்றைக்கு நடந்து வருவதுதான் சரி.

இனி பஸ்ஸை மறந்துவிட்டுக் கச்சேரி சாலையில் கிழக்கே நடங்கள். ஒரு கிலோமீட்டர் அளவில் சாந்தோம் தேவாலயம் வந்துவிடும். வழியில் மசூதியும் வரும், பழைய வீடுகளும் வரும். மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே நடையில் அமைவது மயிலாப்பூரின் தனிச்சிறப்பு. சாந்தோம், இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை மேல் எழுந்ததாக நம்பப்படும் தேவாலயம். போர்ச்சுக்கீசியர் கட்டிய பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு 1896இல் கட்டி முடித்த, வெள்ளை வெளேரென்ற ஊசிக் கோபுரத்தோடு கூடிய கட்டடம்தான் இப்போது இருப்பது. கீழே கல்லறை அறைக்குப் போகத் தனி வழி உண்டு. அங்கே பேசாமல் இருப்பது மரியாதை.

இன்னும் பழைய தேவாலயம் வேண்டும் என்றால் எதிர்த்திசையில் லஸ் பக்கம் நடக்க வேண்டும். 1516ஆம் ஆண்டைத் தாங்கிய லஸ் தேவாலயத்தை ஊர்க்காரர்கள் காட்டுக்கோயில் என்று அழைப்பார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியும். கால் வலி தாங்காதவர்கள் சாந்தோமைத் தேர்ந்தெடுக்கலாம்.

பதினொன்றரை மணிக்கு மாட வீதியில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிடுங்கள். பன்னிரண்டரைக்குப் பிறகு போனால் இலைக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும்.

ஜன்னல் வழியே மெரினா

மதிய வெயிலில் கடற்கரையில் இறங்காதீர்கள். சாப்பிட்டதும் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறி, கோட்டை வரை உட்கார்ந்தபடியே போங்கள். காமராஜர் சாலையில் பஸ் திரும்பியதிலிருந்து நேப்பியர் பாலம் வரை உள்ள தூரம்தான் இந்தத் தடத்தின் உச்சம். எதற்குப் பின் எது வரும் என்று தெரிந்திருந்தால் ஒன்றையும் தவறவிட மாட்டீர்கள்.

முதலில் இடப்பக்கம் ராணி மேரிக் கல்லூரி. 1914இல் தொடங்கிய, நகரத்தின் முதல் மகளிர் கல்லூரி. 2003இல் இதை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி நிற்கிறது.

அடுத்து வளைந்த முகப்போடு வரும் விவேகானந்தர் இல்லம். இதை மாலையில் இறங்கிப் பார்க்கப் போகிறோம். கொஞ்ச தூரத்தில் மாநிலக் கல்லூரி: 1870இல் எழுந்த செங்கல் கட்டடம், உச்சியில் நான்கு முகக் கடிகாரத்தோடு. சர் சி. வி. ராமனும் அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இங்கே படித்தவர்கள். ஒரே கல்லூரியில் படித்த, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்கு இயற்பியல் நோபல்.

அதைத் தாண்டியதும் அரசு அலுவலகக் கட்டடங்களுக்கு இடையே சேப்பாக்கம் அரண்மனை சற்றுத் தலைகாட்டும். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768இல் கட்டிய அரண்மனை. கடலிலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரிந்த அதன் முகப்பைப் பின்னாளில் வந்த கட்டடங்கள் மறைத்துவிட்டன. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 தீவிபத்தில் சிதைந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது.

கடைசியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம். 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. மாநிலக் கல்லூரியை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். சேப்பாக்கம் அரண்மனையின் வில்வளைவுகளையும் குவிமாடங்களையும் அவர் கூர்ந்து படித்திருக்கிறார் என்பது மூன்று கட்டடங்களையும் ஒரே மூச்சில் கடக்கும்போதுதான் புரியும். இந்தோ சாரசெனிக் பாணி என்று புத்தகங்கள் சொல்லும் கட்டடக்கலை வளர்ந்த விதத்தைப் பஸ் ஜன்னல் வரிசையாக வைத்துக் காட்டுகிறது. காரில் பறந்தால் இது கிடைக்காது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் பஸ்தான் இதற்கேற்ற வேகம்.

நேப்பியர் பாலத்தில் கூவம் கடலோடு சேரும் முகத்துவாரம் வலப்பக்கம் தெரியும். 1869இல் கட்டிய பாலம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இதற்குச் சதுரங்கக் கட்டங்கள் தீட்டினார்கள். நாடெங்கும் படம் பரவியது. பாலம் இறங்கியதும் போர் நினைவுச் சின்னம், பிறகு இடப்பக்கம் கோட்டை மதில்.

கோட்டை: குறைந்தது இரண்டு மணி நேரம்

தலைமைச் செயலகம் நிறுத்தத்தில் இறங்குங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பையைச் சோதிப்பார்கள். அருங்காட்சியகத்துக்கும் தேவாலயத்துக்கும் என்று சொன்னால் வழி காட்டுவார்கள்.

அருங்காட்சியகம் இருப்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டிய கட்டடத்தில். நாணயங்கள், வாள்கள், கவர்னர்களின் ஓவியங்கள் எல்லாம் உண்டு. நேரம் குறைவு என்றால் நேராக ஒன்றைப் போய்ப் பாருங்கள்: 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி. பட்டுத் துணி மங்கியிருக்கிறது. கண்ணாடிப் பேழைக்கு முன் வருபவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் புனித மேரி தேவாலயம். 1680இல் திறக்கப்பட்டது, இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். கூரையைக் கவனியுங்கள். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காக மரமே இல்லாமல், தடித்த செங்கல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த எலிஹு யேலின் திருமணம் இங்கேதான் நடந்தது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் இங்கேதான்.

உள்ளே போகும் முன் காலடியைப் பாருங்கள். தேவாலயத்தைச் சுற்றிப் பாவியிருக்கும் கற்கள் கல்லறைக் கற்கள். லத்தீன், போர்ச்சுக்கீசு, ஆர்மீனியம் என்று பல மொழி எழுத்துகள் அவற்றில் இருக்கின்றன. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை கோட்டைக்கு வெளியே இருந்த கல்லறை மாடங்களை மறைவிடமாகப் பயன்படுத்தியது. மறுபடி அப்படி நேரக் கூடாது என்று மாடங்களை அகற்றி, கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். எழுத்துகளின் பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருக்கும். சில பெயர்கள் தேய்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கின்றன.

நான்கு கலங்கரை விளக்கங்கள்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சரடு ஒன்று உண்டு. சென்னையில் கப்பல்களுக்கு வழிகாட்டிய நான்கு விளக்கங்களும் இந்த ஒரே பஸ் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. முதலாவது 1796இல், இப்போது அருங்காட்சியகமாக உள்ள அதே கட்டடத்தின் மேல் எரிந்தது. இரண்டாவது, 1844 முதல் எரிந்த ஒரு தனிக் கல்தூண். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. மூன்றாவது அந்த நீதிமன்றத்தின் உச்சிக் குவிமாடத்திலேயே 1894இல் ஏற்றியது. நான்காவது, மெரினாவின் தென்கோடியில் 1977 முதல் இயங்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரம்.

கோட்டையிலிருந்து வடக்கே நடந்தோ அடுத்த பஸ்ஸில் ஏறியோ உயர் நீதிமன்றத்துக்கு வாருங்கள். 1892இல் திறந்த செந்நிறக் கட்டடம். வெளியே நின்றாலே குவிமாடமும் விளக்கும் தெரியும். கிழக்குச் சுவரை ஒட்டிப் போனால் எம்டன் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நகரத்தின் மேல் குண்டு வீசி, துறைமுக எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய நிகழ்ச்சி அது. திறமையும் துணிச்சலும் மிக்க ஆளை 'எம்டன்' என்று இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்த இரவிலிருந்து வந்த வழக்கு.

எதிர் மூலையில் பாரி நிறுவனத்தின் கட்டடம். பாரிமுனைக்குப் பெயர் தந்தது அதுதான். தெம்பு இருந்தால் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போய் ஆர்மீனியத் தேவாலயத்தைப் பாருங்கள். 1772இல் இப்போதைய வடிவம் பெற்றது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் சென்னையில் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அங்கே இருக்கிறது.

மாலை 4 மணி: தெற்கே திரும்பி, அண்ணா சதுக்கத்தில் இறங்குங்கள்

பாரிமுனையிலிருந்து தெற்கே போகும் 21ஜியோ, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போகும் 102ஆம் எண் பஸ்ஸோ எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். கடற்கரைச் சாலை வரை இரண்டும் ஒரே வழிதான்.

அண்ணா சதுக்கத்தில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என நான்கு முதலமைச்சர்களின் நினைவிடங்கள். தமிழ்நாட்டு அரசியலின் அரை நூற்றாண்டை இங்கே ஒரு நடையில் கடந்துவிடலாம். எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் இன்றும் கல்லில் காது வைத்துக் கடிகார ஓசை கேட்பவர்களைப் பார்க்கலாம்.

அங்கிருந்து விவேகானந்தர் இல்லம் வரை நடங்கள். பிற்பகலில் சூரியன் மேற்கே சாய்ந்துவிடுவதால் கட்டடங்களின் பக்கம் உள்ள நடைபாதையில் நிழல் கிடைக்கும். கட்டட முகப்புகளைப் படமெடுக்க வருபவர்களுக்கு மட்டும் காலை வெயில்தான் ஏற்றது.

கடற்கரைப் பக்கம் முதலில் வருவது உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் உருவம்தான் தெரியும். அருகில் போனால் முதுகுத் தசையும் விரல் அழுத்தமும் தெரியும். ஒவ்வொருவர் உடலும் வேறொரு கோணத்தில் முறுக்கியிருக்கிறது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான்.

தொடர்ந்து வரும் சிலைகள் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின் நினைவுகள். திருவள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. வரிசையில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் என்று தமிழுக்கு உழைத்த ஐரோப்பியர் மூவரும் நிற்கிறார்கள். கண்ணகி சிலை 2001 இறுதியில் அகற்றப்பட்டு, 2006இல் மறுபடி அதே கடற்கரைக்கு வந்தது.

விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்த வணிகர் பிரெடெரிக் டியூடர். அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கிடங்கு இது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்தது. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியாக இதை நடத்தினார். உள்ளே விவேகானந்தர் தங்கிய அறையைத் தியான அறையாக வைத்திருக்கிறார்கள். மாலையில் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது உள்ளே போய்விடுங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்த மணல்வெளி இதற்கு எதிரே உள்ளதுதான்.

பிறகு மணலில் இறங்கி, சுண்டல் வாங்கிக்கொண்டு, கடல் வரை போங்கள். இங்கே அலை இழுப்பு கடுமையானது. குளிக்க இறங்க வேண்டாம், குழந்தைகளின் கையை விட வேண்டாம்.

திரும்பும் வழி

மாலை ஆறிலிருந்து எட்டு வரை காமராஜர் சாலையில் பஸ்கள் ஊர்ந்துதான் போகும். கிண்டிக்கோ தாம்பரத்துக்கோ அவசரமாகத் திரும்ப வேண்டியவர்கள் திருவல்லிக்கேணி அல்லது கலங்கரை விளக்கம் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போய், ரயிலில் கடற்கரை நிலையம் சென்று, அங்கே தாம்பரம் மின்சார ரயிலுக்கு மாறலாம். அவசரம் இல்லாதவர்கள் எட்டு மணிக்குப் பிறகு அதே 21ஜியில் ஏறுங்கள். கூட்டம் வடிந்திருக்கும். கடைசிப் பஸ்ஸை நம்பிக் காத்திருக்காமல் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.